ஹெரால்டுக்கு நீலம்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே நடமாடும் அத்தனை ஜீவராசிகளையும் ஒரே ஒரு சொல்லால் விரட்டியடித்த மனிதர் எங்கள் தெருவில் இருக்கிறார். அந்தச் சொல் ‘தொடாதே’. சின்னவர்களுக்கு ‘தொடாத’, பெரியவர்களுக்கு ‘தொடாதீங்க’, நாய்க்கும் கோழிக்கும் கல். நாளடைவில் அதுவே அவர் பெயராகிவிட்டது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எத்தனையோ வருஷமாக எதிர்வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. கூரியர் கொண்டுவருகிற பையன்கூட "தொடாதே சார் வீடு எது" என்றுதான் கேட்கிறான்.

எதைத் தொடக்கூடாது என்கிறீர்களா? அவருடைய ஹெரால்டு காரை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். சின்னக் கார், இரண்டே கதவு. பானெட்டைத் திறந்தால் மூக்கு, மட்கார்டு, விளக்கு எல்லாமாக முன்பாகம் முழுவதும் எழுந்து முன்னால் கவிழும். முதன்முதலில் பார்த்த அன்று கார் வாந்தி எடுக்கிறது என்றே நினைத்தேன். தொடாதேவுக்கு மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைகளை எடை போடுகிற வேலை. காயலான் கடையில் கிடந்த ஹெரால்டை எடைக்குத்தான் வாங்கினார். எடை போடுகிறவரிடமே கடைக்காரர் தராசில் விளையாடப் பார்த்ததாகவும், அன்று முழுக்க அங்கே வியாபாரம் நடக்கவில்லை என்றும் சொல்வார்கள்.

நியாயமாகப் பார்த்தால் அந்தக் காரைத் தொட யாருக்கும் ஆசை வந்திருக்க முடியாது. ஒரு காலத்தில் க்ரீம் கலர். சம்பாதித்ததையெல்லாம் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் செலவழித்துவிட்டு வெளிப்பக்கத்தை அப்படியே விட்டிருந்தார். அங்கங்கே உரிந்த க்ரீம், அங்கங்கே துரு, இடையிடையே அவரே பூசிய சாம்பல் பிரைமர், மொத்தத்தில் ஒரு உலகப் படம். என் வீட்டுக்காரர் காலையில் பேப்பர் எடுக்கப் போகும்போது அதைப் பார்த்துவிட்டு வந்து, "ராத்திரி ஆப்பிரிக்கா கொஞ்சம் பெரிசாயிருக்கு" என்பார். இந்த அழகுக்குத்தான் அந்தக் காவல்.

ஒரு தேர்தல் சமயத்தில் ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் பேச்சு சுவாரசியத்தில் ஹெரால்டின் மேல் கையை ஊன்றிவிட்டார். பின்னால் பெருங்கூட்டம், மேளம், ஆரத்தித் தட்டு. தொடாதே வாசலில் நின்றபடியே, "தலைவரே, ஓட்டு கேளுங்க, போடறேன். காரத் தொடாதீங்க" என்றார். மேளம் நின்றது. வேட்பாளர் கையை எடுத்து, எடுத்த கையை அப்படியே கும்பிடாக மாற்றிக்கொண்டார். அரசியலில் இருப்பவர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு.

எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிள்ளைகளை அதட்டிப் பழகினவளே தவிர, அதட்டு வாங்கிப் பழகினவள் இல்லை. ஒருநாள் காய்கறிப் பை கனத்ததால் இரண்டு நிமிஷம் அதன் பானெட் மேல் வைத்தேன். வந்தது பாருங்கள் குரல், "டீச்சர், தொடாதீங்க" என்று. "நான் தொடலை, முருங்கைக்காய்தான் தொட்டுச்சு" என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தார்: "அதையும் சேத்துத்தான் சொல்றேன்." அந்த மழைக்காலம் முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

எல்லாவற்றையும்விட எங்கள் மாடியில் குடியிருப்பவர்களின் குழந்தை பாப்பு கதைதான் அநியாயம். அது தவழ்ந்து வாசலுக்கு வந்த நாளிலிருந்து அந்தச் சொல்லைத்தான் அதிகம் கேட்டு வளர்ந்தது. ஊர் உலகத்தில் குழந்தைகள் முதலில் அம்மா என்னும், அப்பா என்னும். இது ஒருநாள் சோற்றுக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, விரலை ஆட்டி, "தொதாதே" என்றது. பெற்றவள் அழுதேவிட்டாள். தொடாதேவிடம் போய்ச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "புத்திசாலிக் கொழந்த" என்றார்.

இப்படிப்பட்டவருடைய ஒரே மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஸ்டெல்லா நர்ஸ், அப்பாவின் கிறுக்கு ஒட்டாமல் வளர்ந்த தங்கமான பெண். வளவனூர் தாண்டி ஒரு கிராமம்தான் அவர்களுக்குச் சொந்த ஊர். அங்குள்ள மாதா கோயிலில் கல்யாணம். நிச்சயதார்த்தம் முடிந்து எல்லோரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தொடாதே எழுந்து நின்று அறிவித்தார்: "ஸ்டெல்லா நம்ம ஹெரால்டுலதான் கோயிலுக்குப் போவும். ஹெரால்டு நீலமா இருக்கும். உள்ள வெளிய எல்லாம் நீலம்."

ஸ்டெல்லா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அப்பா, வெள்ளக் காரு வாடகைக்கு எடுத்தா பூவோட வரும்பா. இது வழியில நின்னுடுச்சின்னா நான் கல்யாணப் பொடவையோட எறங்கித் தள்ளணுமா?"

"நின்னா நான் தள்றேன். நீ உள்ள ஒக்காந்துக்கினு இரு."

அதோடு பேச்சு முடிந்தது. மறுநாளிலிருந்து பெயிண்ட் அடிக்கும் பட்டறைகளுக்குப் படையெடுப்பு தொடங்கியது.

விழுப்புரத்தில் முதல் பட்டறைக்காரர் காரை ஒரு சுற்று சுற்றிவந்து சிரித்தார். சிரித்துவிட்டு ஒரு தொகை சொன்னார். சொல்லிவிட்டு, "பெரியவரே, இந்தக் காசுக்கு செகண்ட்ஸ்ல நல்ல காரே கெடைக்கும்" என்று யோசனையும் சொன்னார். தொடாதே அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கப்பாவுக்கு ஆபரேஷன்னு டாக்டர் சொன்னா, இந்தக் காசுக்கு வேற அப்பா கெடைப்பாருன்னு எழுந்து வந்துடுவியா?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார். இரண்டாவது பட்டறையில், "க்ரீம் மேல க்ரீமே அடிச்சிக்கலாம், பாதிச் செலவுல முடியும், கலர் மாத்தினா ஆர்.சி. புக்குலயும் மாத்தணும்" என்றார்கள். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைய ஆள் இல்லையென்று நினைத்தீர்களா என்று சண்டை. மூன்றாவது பட்டறையில் என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பட்டறைக்காரர் இன்றும் எங்கள் தெரு வழியாக வருவதில்லை.

கடைசியில் திண்டிவனத்தில், என் பள்ளிக்கூடத்துக்கு நாலு வாசல் தள்ளியிருக்கும் பட்டறையில், மேஸ்திரி ஒருவர் அகப்பட்டார். நிதானமான மனிதர். சிரிக்கவில்லை. மட்கார்டை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். தொடாதேவின் வாய் திறந்து திறந்து மூடியதை நான் பள்ளிக்கூடம் விட்டுவரும் வழியில் கண்ணால் பார்த்தேன். மேஸ்திரி சொன்ன தொகை எண்பதாயிரம்.

"ஒரு டப்பா பெயிண்டு அவ்ளோவா?" என்றார் தொடாதே.

"பெயிண்டு கொஞ்சந்தாங்க. பழச சுரண்டணும், ஒடுக்கு எடுக்கணும், பட்டி பூசணும், பிரைமர் அடிக்கணும், அப்புறம் தண்ணி ஊத்தி ஊத்தி வாட்டர் பேப்பர், அதான் உப்புத்தாளு, அதால தேய்க்கணும். தேய்க்கிற கைக்குத்தான் காசு. கை எறங்கலன்னா இன்னா வெல பெயிண்டு அடிச்சாலும் நிக்காது."

தொடாதே யோசிக்கவே இல்லை. பெயிண்டுக்கென்றே பல வருஷமாகச் சீட்டு கட்டிவந்திருக்கிறார். அது முழுத் தொகைக்குக் காணாது. மீதியைக் கல்யாணத்துக்குள் புரட்டிவிடுகிறேன் என்று சொல்லி வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறினார். எங்கள் தெருவில் ஹெரால்டு நின்ற இடம் காலியாகக் கிடந்தது. பாப்பு தினமும் போய் அந்தக் காலியிடத்தைப் பார்த்து விரலை ஆட்டிவிட்டு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பஸ்ஸுக்குப் போகும்போது பட்டறையில் பெரிய சத்தம். எட்டிப் பார்த்தேன். ஹெரால்டு முழுக்கச் சாம்பல் பிரைமரில் நிற்கிறது. அதன் கண்ணாடிகளிலெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பெயிண்ட் தெறிக்காமல் இருக்கக் கண்ணாடியில் காகிதம் ஒட்டுவார்களே, அதற்கு மேஸ்திரி பக்கத்து அச்சகத்தில் வீணாய்ப்போன போஸ்டர்களை வாங்கி வைத்திருக்கிறார். நியூஸ்பேப்பர் ஊறிவிடும், போஸ்டர் தாள் கெட்டி என்பது அவர் கணக்கு. ஆகவே மாலை போட்ட பெரியவர் ஒருவர், நல்ல மீசை, நாலு பக்கமும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் போஸ்டருக்காக இல்லை. மேஸ்திரி பாவம், நல்லெண்ணத்தில் ஒன்று சொல்லியிருக்கிறார். "அண்ணே, உங்களுக்குக் காசு பத்தலன்னு தெரியும். வெளிய நீலம் அடிச்சிடறேன். கதவு இடுக்கு, டிக்கி உள்பக்கம் எல்லாம் பழைய க்ரீமாவே விட்டுடுவோம். கதவத் தொறந்தாத்தான தெரியும்?"

"கதவத் தொறந்துதான மேஸ்திரி என் பொண்ணு எறங்கணும்?"

"அது ஒரு நிமிஷம். யாரு பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன்."

அவ்வளவுதான். சாவியை எடுத்தார். "பிரைமர் காயட்டும்ணே, டேப்பப் பிரிக்காதீங்க" என்று மேஸ்திரி பின்னாலேயே வந்தார். தொடாதே முன் கண்ணாடியில் தன் பக்கத்துப் போஸ்டரை மட்டும் கிழித்தார். பிறகு என்னைப் பார்த்து, "டீச்சர், வூட்டுக்குத்தான? ஏறுங்க" என்றார். என் வாழ்நாளில் அந்தக் காரில் ஏறச் சொல்லி அவர் கூப்பிட்டது அன்றுதான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பக்கத்துக் கண்ணாடியில் போஸ்டர் அப்படியே இருந்ததால், அந்த மீசைக்காரரின் முதுகோடு நான் விழுப்புரத்துக்குப் பயணமானேன்.

நெடுஞ்சாலையில் அன்று எங்களுக்குக் கிடைத்த மரியாதை அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை. லாரிகள் ஒதுங்கின. ஒரு பஸ்காரர் ஹாரன் அடிக்க எடுத்த கையை இறக்கினார். கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க நிறுத்தினோம். கடையிலிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நான் இறங்கியதும் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வயசானவரா கண்ணு? கடைசில பேசினாரா?" என்று கேட்டாள். நான் விவரம் சொல்லத் தொடங்குவதற்குள், பூக்கடைக்காரர் ஒரு சாமந்தி மாலையைக் கொண்டுவந்து பானெட்டின் மேல் சாத்தினார். தொடாதேவின் குரல் மயிலம் மலை வரைக்கும் கேட்டிருக்கும். துக்கத்தில் இருக்கிறார் என்று அதையும் மன்னித்தார்கள். டீக்குக் காசு வாங்கவில்லை.

விக்கிரவாண்டி டோல்கேட்டில்தான் வந்தது பேஜாரு. சுங்கம் கழிகிற ஸ்டிக்கர் போஸ்டருக்கு அடியில் மாட்டிக்கொண்டதால் கட்டை தூக்கவில்லை. கவுண்டரில் இருந்த பையன் எட்டிப் பார்த்தான், முகம் மாறியது, கட்டையைத் தூக்கிவிட்டான்.

"போங்க பெரியவரே."

தொடாதே வண்டியை நகர்த்தவில்லை. "எவ்ளோ?"

"சாவு வண்டிக்குக் காசு இல்லீங்க. போங்க."

"இது சாவு வண்டி இல்ல."

"பரவால்ல, போங்க. பின்னாடி லாரி நிக்கிது."

"இன்னா பரவால்ல? இது கல்யாண வண்டி. என் பொண்ணு ஏறிக்கினு போவப்போற வண்டி. கல்யாண வண்டிக்கு இன்னா உண்டோ அத வாங்கிக்கினு ரசீது குடு."

பின்னால் லாரிகள் கத்த ஆரம்பித்தன. டோல்கேட்டில் காசு கொடுக்க மாட்டேன் என்று சண்டை போட்டவர்களை ஆயிரம் பேர் பார்த்திருப்பீர்கள். காசு கொடுத்தே தீருவேன் என்று சண்டை போட்ட ஒரே மனிதருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு. "அண்ணே, ஜல்தி எடுங்கண்ணே, மானம் போவுது" என்று கெஞ்சினேன். காதில் வாங்கவில்லை. பையன் கடைசியில் தோற்றுப்போய்க் காசை வாங்கி ரசீதைக் கொடுத்தான். அதில் கார் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கியர் போட்டார்.

கட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏண்ணே, கதவு இடுக்குல க்ரீம் இருந்தா என்ன குடி முழுகிடும்? இதுக்கா இவ்ளோ ரோஷம்?" என்றேன்.

"இந்தக் காரு யாருதுன்னு தெரியுமா டீச்சர்?"

"காயலான் கடையில வாங்கினது."

"அதுக்கு முன்னாடி எங்கூரு பெரிய வூட்டுது. எங்கப்பா அந்த வூட்டுப் படியாளு, கூலி நெல்லுக்கு ஒழைச்சவரு. காரு புதுசா வந்தன்னிக்கு ஊரே நின்னு வேடிக்க பாத்திச்சு. நானும் போனேன், சின்னப் பையன். ஏரில குளிச்சிட்டு வந்தவன், கை சுத்தமாத்தான் இருந்திச்சு. இந்தா, இந்த எடது மட்கார்டு மேல கைய வச்சேன். தொடாதன்னாங்க."

"அடிச்சாங்களா?"

"அடிச்சிருந்தா மறந்திருப்பேன் டீச்சர். தொடச்சாங்க. டிரைவரு ஈரத் துணி எடுத்தாந்து நான் கை வச்ச எடத்த மட்டும் தொடச்சாரு. எங்கப்பா பாத்துக்கினே நின்னாரு."

 அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "அந்த க்ரீமு ஒரு பொட்டு இருக்கக் கூடாது. அந்தத் தெரு வழியா என் பொண்ணு நீலத்துல போவும், கோயில் வாசல்ல நீலத்துலேருந்து எறங்கும். அதுக்கு எவ்ளோ ஆனாலும் ஆவட்டும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். டீச்சர் புத்தி, விடாது. "அப்படிப்பட்டவரு நீங்க ஊரையே தொடாத தொடாதன்னு விரட்டறீங்களே, அது மட்டும் நியாயமா?" என்று கேட்டேன்.

"அந்த வார்த்தைய அவங்க மட்டுந்தான் சொல்லணுமா? நானும் கொஞ்ச நாளு சொல்லிப் பாக்கறேன்" என்றார்.  வீடு வந்து சேரும்வரை மீசைக்காரரின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை எங்கள் வாசலில் போஸ்டரோடு நின்ற ஹெரால்டைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் துக்கம் விசாரிக்க வந்தார்கள். தொடாதே உயிரோடு காபி குடித்துக்கொண்டிருந்ததில் ஒருவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. மேஸ்திரிக்குப் போன் போட்டேன். நல்ல மனிதர், கோபமே இல்லை. "டீச்சர், எனக்கும் ஆச இல்லையா? உள்ளயும் நீலம் அடிக்கணும்னா தேய்க்கிற வேலதான் ஜாஸ்தி. ஆள் வச்சா காசு. தேய்க்கிறத நீங்களே பண்ணிக்கினீங்கன்னா, கம்ப்ரசரோட நான் வந்து ஒரே நாள்ல அடிச்சிக் குடுத்துடறேன். அவருகிட்ட இருக்கிற பணமே போதும்" என்றார். எத்தனை சின்னக் காராக இருந்தாலும் தேய்க்க ஒரு ஆள் போதாது. ஒரு தெரு வேண்டும்.

இதைத் தொடாதேவிடம் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது. அன்று பகல் முழுவதும் தெருவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஒவ்வொரு வீட்டு கேட்டிலும் போய் நிற்பார், வெயில் ஜாஸ்தி என்பார், திரும்பிவிடுவார். கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், உங்க வூட்டுல யாருனா சும்மா கீறாங்களா?"

"எதுக்கு?"

"காருக்கு."

"காருக்கு என்ன?"

"வாட்டர் பேப்பர் வாங்கியாந்து வச்சிக்கீறேன்."

"அத வச்சு என்ன பண்றது?"

"தேய்க்கணும்."

"எப்படி, தொடாமலா?"

வாசலில் என் வீட்டுக்காரர், மாடிப்படியில் பாப்புவின் அம்மா, எதிர்வீட்டு ஜன்னலில் ஸ்டெல்லா, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு முருங்கைக்காய்க் கணக்கு பாக்கி இருந்தது. விடுவேனா? இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் தரையைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு ரொம்பச் சின்னக் குரலில், "வந்து தொடுங்க டீச்சர்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் தெருவே இறங்கியது. வாளி வாளியாகத் தண்ணீர், கையில் கறுப்பு வாட்டர் பேப்பர். இத்தனை வருஷமாகத் தொடக்கூடாது என்று கேட்டுக் கேட்டு உள்ளே அமுக்கி வைத்திருந்த ஆசையெல்லாம் சேர்ந்து அந்தக் காரை ஒரு வழி பண்ணியது. பாத்திரம் தேய்த்த கைகளுக்கு இது பழகின வேலை, பெண்கள் பக்கம் கண்ணாடி மாதிரி வழவழத்தது. என் வீட்டுக்காரர் ஒரே இடத்தில் நின்று அரசியல் பேசிக்கொண்டே தேய்த்ததில் தகரம் தெரிந்துவிட்டது, அவரைத் தண்ணீர் ஊற்றுகிற வேலைக்கு மாற்றினோம். தொடாதே நாலு பக்கமும் ஓடினார். பழக்க தோஷத்தில் "தொடாத" என்று கத்துவார், உடனே "இல்ல இல்ல, தொடு, நல்லாத் தொடு" என்பார். கதவு இடுக்குகளை மட்டும் யாருக்கும் விடவில்லை. காகிதத்தை விரலில் சுற்றிக்கொண்டு, பழைய க்ரீம் ஒரு பொட்டில்லாமல் அவரே தேய்த்தார்.

மேஸ்திரி சொன்னபடி வந்தார். தெருக்கோடிக் காலிமனையில் தார்ப்பாய் கட்டி, உள்ளேயும் வெளியேயும் நீலம் அடித்தார். அடித்து முடித்ததும் கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. அப்படி ஒரு நீலம். "சாயங்காலம் வரைக்கும் ஈரம். ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது" என்றார் மேஸ்திரி. தொடாதே ஒரு நாற்காலியைப் போட்டுக் காவல் உட்கார்ந்தார். அவர் ஆயுளிலேயே ‘தொடாதே’ என்று சொல்ல நியாயமான காரணம் கிடைத்தது அன்றைக்குத்தான். எல்லோரும் அடங்கி நின்றோம்.

பாப்புவைத்தான் யாரும் கவனிக்கவில்லை. கால்களுக்கு நடுவே நுழைந்து போய், இடது மட்கார்டில் உள்ளங்கையை முழுதாக வைத்து அழுத்திவிட்டது. எடுத்துப் பார்த்தது. கை நீலம். பிறகு, தான் செய்த காரியம் புரிந்ததுபோல், அந்தக் கையையே விரலால் மிரட்டி, "தொதாதே" என்றது.

பாப்புவின் அம்மா ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "போச்சு. காஞ்சப்புறம் இந்தப் பக்கம் முழுக்கத் திரும்பத் தேய்ச்சு, திரும்ப அடிக்கணும். பெயிண்டு வேற இல்ல. இப்பவே தின்னர் தொட்டு ஈரத்தோட தொடச்சிப் பாக்கறேன்" என்று தோளிலிருந்த துணியை எடுத்தார்.

தொடாதே எழுந்து வந்து மேஸ்திரியின் மணிக்கட்டைப் பிடித்தார். "தொடைக்காத" என்றார்.

"அண்ணே, கல்யாணத்துல எல்லாருக்கும் தெரியும்ணே."

"தெரியட்டும். அந்தக் கை அங்கியே இருக்கட்டும். தொடைக்காத மேஸ்திரி."

ஸ்டெல்லாவிடம் தேங்காய் எண்ணெய் கொண்டுவரச் சொன்னார். பாப்புவை மடியில் உட்காரவைத்து, அந்தச் சின்னக் கையில் எண்ணெய் தடவி, நீலம் போகும்வரை விரல் விரலாகத் தானே துடைத்தார்.  நான் அழுதேன், சொல்வதற்கென்ன.

கல்யாணத்தன்று ஸ்டெல்லா முன்சீட்டில், நான் பின்சீட்டில் பாப்புவை மடியில் வைத்துக்கொண்டு. ஹெரால்டு வழியில் நிற்கவில்லை. வளவனூர் தாண்டி ஊருக்குள் நுழைந்ததும் தொடாதே வேகத்தைக் குறைத்தார். பெரிய வீடு வந்தது. வெளிக் கதவில் பூட்டு, பூட்டிலும் துரு. அவர்கள் ஊரை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறதாம். தொடாதே அந்த வாசலில் காரை நிறுத்தி, நீளமாக ஹாரன் அடித்தார்.

"அப்பா, வீட்டுல யாரும் இல்லப்பா" என்றாள் ஸ்டெல்லா.

"இல்லன்னா இன்னா? வூடு கேக்கட்டும்" என்று இன்னொரு தடவை அடித்தார்.

மாதா கோயில் வாசலில் கதவைத் திறந்துவிட்டது அவர்தான். இடுக்கு முழுக்க நீலம். ஸ்டெல்லா இறங்கினாள். ஊர்ப் பிள்ளைகள் காரைச் சுற்றி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். "இன்னாத்துக்கு நிக்கறீங்க? தொட்டுப் பாருங்க" என்றார்.

இதெல்லாம் முடிந்து மாதங்கள் ஆகின்றன. பெயிண்ட் பளபளக்கிறது, பழைய குணமும் திரும்பிவிட்டது. கூரியர் பையன் நேற்றும் வாங்கிக் கட்டிக்கொண்டான். தினமும் காலையில் மஞ்சள் துணியால் கார் முழுவதையும் அவர் துடைக்கிறார். இடது மட்கார்டு வந்ததும் துணியைத் தூக்கி, பாப்புவின் கையைச் சுற்றிக்கொண்டு போகிறார். நான் வாசல் தெளிக்க வேண்டிய வேலையை விட்டுவிட்டு, தினமும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.